நாலு கூட்டாளி, ரெண்டு ஞாயிறு, ஒரு ஆட்டுக் கொட்டகை

21 ஜனவரி 2024, வாசகர் ஒருவர்

அண்ணே, ஆட்டுக் கொட்டகை கட்ட எதுக்குக் கூலிக்கு ஆள் தேடுறீங்க? நாலு கூட்டாளி, ரெண்டு ஞாயிறு போதும். ஒரு சட்டி கறி ஆக்கிப் போட்டா வேலை முடிஞ்சது. எங்க கம்போங்ல, கிராமத்துல, அப்படித்தான் கட்டுறோம். நீங்க சும்மா காசைக் கரைக்கிறீங்க.

21 ஜனவரி, இரவு

தம்பி, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும். கொட்டகைக்குக் கூலி மட்டும் 4,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்கிறார்கள். மரமும் தகரமும் தனி. கூட்டாளிகளை வைத்துக் கட்டினால் எப்படியும் 3,000 வெள்ளிக்கு மேல் மிச்சமாகும் என்றுதான் நானும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தைப்பூசம் முடியட்டும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி இறங்கிவிட்டு எழுதுகிறேன்.

28 ஜனவரி

கெண்டைக்கால் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உட்கார்ந்தபடியே திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இடம் சுங்கை பாக்காப் ஊரைத் தாண்டி, செம்பனை எனும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தை ஒட்டிய அரை ஏக்கர். தாத்தா காலத்திலிருந்து எங்கள் கையில் இருக்கிறது, ஆனால் பட்டா நிலம் இல்லை. டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமம்தான். அது எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு செத்துப்போகும். மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதனால் கொட்டகையைக் கழற்றி லோரியில் ஏற்றுகிற மாதிரி கட்டப் போகிறேன். தரையில் சிமென்ட் கட்டை மட்டும், மேலே எல்லாம் போல்ட்.

ஆடு 12. தரையில் அடைத்தால் மழைக்காலத்தில் மூத்திரச் சேற்றில் நின்று குளம்பு அழுகிவிடும், புழுவும் ஏறும். அதனால் பரண். தரையிலிருந்து 5 அடி உயரத்தில் பலகைத் தளம். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்தால் புழுக்கை கீழே விழுந்துவிடும். நாம் லேசாகக் குனிந்து உள்ளே போய் அள்ளிச் சாக்கில் கட்டலாம். அளவு 20 அடிக்கு 12 அடி. நீளப்பக்கம் கிழக்கைப் பார்க்க வைக்கிறேன், காலை வெயில் உள்ளே வந்து காயட்டும்.

தூண்களுக்குப் பழைய செங்கால் மரம் கிடைத்திருக்கிறது. ஒரு தோட்டத்தில் லயத்து வீடுகளை இடித்தபோது மச்சான் வாங்கிப் போட்டது. அறுபது வருஷ மரம். தட்டினால் இரும்பு மாதிரி சத்தம் வருகிறது.

4 பிப்ரவரி

முதல் ஞாயிறு. நாலு பேரைக் கூப்பிட்டேன், பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் பினாங்குத் தீவிலிருந்து, பத்து மாவுங் ஊர்ப் பக்கமிருந்து இரண்டாம் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். மோட்டாருக்குச் சுங்கக் கட்டணத்தை நீக்கியதிலிருந்து அவருக்கு இந்த ஊர் பக்கத்து வீடு மாதிரி.

இன்றைக்கு இருந்த வேலை குழி தோண்டுவது மட்டும். 12 குழி, 3 சங்கோல் (மண்வெட்டி). ஊர் கூடித் தேர் இழுக்கலாம். குழி அப்படி இல்லை, ஒரு குழிக்கு ஒரு சங்கோல்தான் இறங்கும். மூன்று பேர் வெட்ட எட்டுப் பேர் நின்று யோசனை சொன்னார்கள். யோசனை சொல்பவருக்கும் பசிக்கும். நாசி கண்டார் 14 பொட்டலம், காலையில் நாசி லெமாக், பத்து மணிக்கு ஐஸ் மைலோ, மூன்று மணிக்கு மறுபடி ஏதோ.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கறி ஆக்கிப் போட்டால் போதும் என்றீர்களே தம்பி, பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக்குக்கு ஹலால் வேண்டும். எதிர்வீட்டுச் சீன அங்கிள் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர், மாடு தொடமாட்டார். எங்கள் பெரியப்பா தைப்பூச விரதத்தை இன்னும் முறிக்கவில்லை. என் மனைவி சட்டியை எடுத்த வேகத்தில் கவிழ்த்து வைத்துவிட்டாள். மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைதான் தெய்வம்: கோழி, மீன், வெண்டைக்காய், மாடு வேண்டாம்.

5 பிப்ரவரி

நேற்று எழுத மறந்தது: அகலம் 12 அடி இல்லை, 11. மனையடிக் கணக்குப்படி 12 ஆகாது என்று பெரியப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆட்டுக்கு எதற்கு மனையடி என்று மச்சான் சிரித்தான். அதற்குள் சீன அங்கிள் தன் அளவு டேப்பை இழுத்துக் காட்டினார். நம் ஹார்ட்வேர் கடைகளில் விற்கிறதே, அளவுக்குக் கீழே சிவப்பிலும் கறுப்பிலும் சீன எழுத்து போட்டது, அதுதான். கதவின் அகலம் சிவப்பு எழுத்தில் விழ வேண்டுமாம். சரி, விழட்டும். 11 அடி அகலம், சிவப்பு எழுத்தில் கதவு.

இன்னொன்று. பின்னால் யாருக்கும் மறக்கக் கூடாது என்று 555 என்கிற சின்னக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். மனைவி பார்த்துவிட்டு, "என்ன, மொய் நோட்டா?" என்றாள்.

5 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

கரையானுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: தூணின் அடியில் பழைய இன்ஜின் எண்ணெய் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டேன். இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான்.

11 பிப்ரவரி

வேலை இல்லை. சீனப் பெருநாள் இரண்டாம் நாள். அங்கிள் வீட்டில் மாண்டரின் ஆரஞ்சு, பட்டாசு. என் ஆடுகள் இரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, செம்பனை வரிசைக்குள் போய் நின்றன.

18 பிப்ரவரி

கட்டைகள் காய்ந்துவிட்டன. 1:2:4 கலவை, ஐந்து மூட்டை சிமென்ட் போனது. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் இரும்பு லாடம் பதித்து, அதில் தூணை நிறுத்திப் போல்ட் போடுவது மச்சான் யோசனை. அவன் பிறை என்ற ஊரில் வெல்டிங் வேலை செய்கிறவன். நல்ல யோசனை, மறுக்கவில்லை.

இப்போது ஒரு கூத்தைக் கேளுங்கள். தளம் வருகிற உயரத்தைத் தூண்களில் குறிக்க வேண்டும். ஒரு வரிசையை நான் குறித்தேன், 5 அடி. நடு வரிசை மச்சான். மூன்றாம் வரிசை பாக்சிக். மத்தியானம் உத்தரத்தைத் தூக்கி வைத்து ரசமட்டம் வைத்தால் குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. இந்தப் பக்கம் தட்டினோம், அந்தப் பக்கம் தட்டினோம். அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, பாக்சிக்கின் டேப் மீட்டர் டேப். ஐந்து அடி என்றால் ஒன்றரை மீட்டர் என்று அவர் பாட்டுக்குக் கோடு போட்டிருக்கிறார். 5 அடி 152.4 சென்டிமீட்டர். நாலு தூணில் இரண்டரை சென்டிமீட்டர் கிட்டத்தட்டப் போச்சு.

அவரிடம் எப்படிச் சொல்வது? எழுபது வயது, தன் வீட்டைத் தானே கட்டியவர். நான் முழித்துக்கொண்டு நிற்க, அவரே டேப்பைப் பார்த்து, ரசமட்டத்தைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் பாராங் கத்தியை எடுத்துப்போய் ஒரு இன்ச் கனத்தில் நாலு மரத்துண்டு சீவிக்கொண்டு வந்தார். உத்தரத்துக்கு அடியில் செருகினோம். "ஆடு மட்டம் பார்க்காது" என்றார்.

19 பிப்ரவரி

திருத்தம். நீளப்பக்கம் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்று 28-ஆம் தேதி எழுதியிருந்தேன். அது தவறு என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள், ஒருவர் திட்டியே எழுதியிருக்கிறார். நீளவாட்டம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போதுதான் காலையும் மாலையும் வெயில் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். இல்லாவிட்டால் பாதி நாள் ஆடு வேகும். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்று காலை போய்ப் பார்த்தால் கொட்டகை கிழக்கு மேற்காகத்தான் நிற்கிறது! முதல் ஞாயிறே நூல் பிடித்தபோது பாக்சிக் திருப்பிப் பிடித்திருக்கிறார். நான் மைலோ வாங்கப் போயிருந்தேன் போலிருக்கிறது.

இன்ஜின் எண்ணெயும் தவறாம். ஆடு மரத்தை நக்கும், கடிக்கும் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். உண்மைதான். ஆடு எட்டுகிற இடம் வரைக்கும் சுரண்டி எடுத்தேன், இரண்டு மாலை போனது. சிமென்ட் கட்டைமேல் நிற்கிற செங்காலுக்கு அந்த எண்ணெயே தேவையில்லை.

25 பிப்ரவரி

டிரில் எரிந்துவிட்டது. பழைய மரத்துக்குள் தலை உடைந்த ஆணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. செங்காலில் ஆணி இறங்காது, வளையும்; துளை போட்டுத்தான் போல்ட் ஏற்ற முடியும். ஏழாவது துளையில் உள்ளே இருந்த ஆணியில் மோதி, புகை, கருகல் வாசம். இரவல் டிரில் வேறு. 240 வெள்ளிக்குப் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். இனி பழைய மரம் வாங்குகிறவர்கள் ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மரத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள், ஆணி மேலோட்டமாக இருந்தால் பிடிக்கும்.

3 மார்ச்

கூரை. இன்றைக்குத்தான் உண்மையில் ஆள் வேண்டும். கீழே இரண்டு பேர் தகரம் தூக்க, மேலே இரண்டு பேர் வாங்க, ஏணிக்கு ஒருவர், வெட்ட ஒருவர். வந்தவர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு இடுப்பு. குழி வெட்டின அன்று யோசனை சொன்ன எட்டுப் பேரில் ஒருவரையும் காணோம்.

பாதிதான் ஏறியது. ஒரு பக்கத்துக்குப் பத்துத் தகடு, எட்டு அடித் தகடு. வெயிலில் தகரத்தைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிறது. மச்சான் ஆணியைத் தகட்டின் பள்ளத்தில் அடிக்கிறான், அங்கேதான் மரத்தோடு ஒட்டி இறுகப் பிடிக்குமாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

10 மார்ச்

கூரையின் மறுபக்கத்தைச் சீன அங்கிள் எடுத்துக்கொண்டார். கூரை வேலையில் முப்பது வருஷம் இருந்தவர் என்பதை இன்றுதான் சொல்கிறார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றால், "நீ கேட்கவில்லையே" என்கிறார். ரப்பர் வாஷர் போட்ட திருகாணி, தகட்டின் மேட்டு முதுகில் மட்டும், ஓரத்தில் ஒரு தகட்டின்மேல் அடுத்ததை ஒன்றரை வரி ஏற்றி. மச்சான் அடித்த பக்கத்தை ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

17 மார்ச்

நோன்பு தொடங்கி முதல் ஞாயிறு. பாக்சிக் வரமாட்டார் என்று நினைத்தேன். காலை ஏழு மணிக்கே வந்து நின்றார், பதினொன்றுக்குப் போய்விடுவேன் என்றார். நாங்கள் பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு ரொட்டி தின்றோம். கண்டுபிடித்துவிட்டார். நோன்பு எனக்குத்தானே, உங்களுக்கு எதற்குத் திருட்டுத்தனம் என்று சத்தம் போட்டார்.

தளம் அடித்தோம். இரண்டு இன்ச் அகலச் சட்டங்கள். இடைவெளி எங்கும் ஒரே மாதிரி வர 12 மில்லி பிளைவுட் துண்டு ஒன்றை நடுவில் செருகி, அடித்து, உருவி, அடுத்ததற்குச் செருக வேண்டும். இந்தப் பிளைவுட் உத்தியோகம் என் ஒன்பது வயது மகளுக்கு. வெயில் ஏற ஏற அவள் முட்டியில் மரத்தூள் அப்பிக்கொண்டது, ஆனால் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை. யாராவது கண்ணளவாக அடித்தால், "எடுங்க மாமா, கட்டை போடாம அடிச்சிட்டீங்க" என்று சட்டத்தைக் கழற்ற வைத்தாள். இத்தனை ஞாயிறில் எனக்குக் கிடைத்த ஒரே கங்காணி.

நிபோங் பனையைப் பிளந்து தளம் போடலாமே என்று கேட்டவருக்கு: ஆசை எனக்கும் இருந்தது. அந்தக் காலத்து மலாய் வீடுகளில் நிபோங் தளம்தான், உப்புத் தண்ணீரில் நட்டாலும் தாங்குகிற மரம். ஆனால் நிபோங் திபால் என்ற ஊரிலேயே இரண்டு நாள் அலைந்தும் எனக்கு நிபோங் கிடைக்கவில்லை. ஊர்ப் பெயர்ப் பலகையைத்தான் பிளக்க வேண்டும்.

24 மார்ச்

தளம் முடிந்தது. மகளுக்குப் பள்ளிப் பாடம் இருந்ததால் கடைசி மூன்று அடியை நானும் மச்சானும் அடித்தோம்.

2 ஏப்ரல்

விடியற்காலை ஐந்து மணிக்குச் சுமாத்ரா அடித்தது. நீரிணைப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லாமல் வந்து, ஒரே மூச்சில் அறைகிற காற்று. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். கூரை பறக்கவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் மச்சான் பக்கத்தில் பதினோரு இடத்தில் ஒழுகுகிறது. அங்கிள் பக்கத்தில் ஒரு சொட்டு இல்லை.

3 மார்ச் குறிப்பில் நியாயமாக இருக்கிறது என்று எழுதியவன் நான்தான். கூரையில் தண்ணீர் ஓடுகிற இடமே பள்ளம். அங்கே ஓட்டை போட்டால் ஓட்டை வழியாகத்தான் வரும். இதற்குப் படிப்பா வேண்டும்? மேட்டில் அடியுங்கள்.

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லிவிடுவாள்.

7 ஏப்ரல்

ஐந்து தகடு மாற்றினோம், மற்ற ஓட்டைகளுக்குப் பசை. 190 வெள்ளி. மச்சான் தானே கூரை ஏறி, பேசாமல் வேலை பார்த்தான். இறங்கும்போது, "பழைய தகரத்தை நான் எடுத்துக்கிறேன்" என்றான். அவனுக்கும் ஏதோ கொட்டகை யோசனை வந்துவிட்டது. கடவுளே.

14 ஏப்ரல்

சித்திரை முதல் நாள், ஆடு ஏற்றினோம். பெரியப்பா சூடம் காட்டினார், பாக்சிக் நோன்புப் பெருநாள் கேத்துப்பாட் சோற்றுக் கட்டி மிச்சத்தைக் கொண்டு வந்தார். எந்த ஆடும் சாய்தளத்தில் ஏறமாட்டேன் என்று நின்றது. கிடாவை முன்னால் இழுத்தால் பின்னால் உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் மகள் பலாத்தழையை ஆட்டிக்கொண்டு மேலே ஓட, பன்னிரண்டும் பின்னாலேயே ஓடின.

17 ஏப்ரல்

ஒரு குட்டியின் கால் தளத்தில் சிக்கிக்கொண்டது. நல்லவேளை, முறியவில்லை. எந்த இடம் என்று கேட்காதீர்கள். கடைசி மூன்று அடி. அளந்தால் ஒரு இடத்தில் இடைவெளி ஒன்றேகால் இன்ச். மகள் பிளைவுட் துண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

21 ஏப்ரல்

கணக்கு கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்தாருங்கள். கூலி மிச்சம் 4,200. எட்டு ஞாயிறு சாப்பாடு 1,046. டிரில் 240. தகரம் 190. கழித்தால் 2,724. முதல் நாள் 3,000-க்கு மேல் என்று சொன்னது பொய்.

இதுகூட முழுக்கணக்கு இல்லை. 555 நோட்டைப் பார்த்தால் நான் மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது 9 நாள். ஒரு நாள் கூலி 150 வெள்ளி என்று வைத்தால் 1,350. அப்புறம் மிச்சம் 1,374. இரண்டு ஞாயிறு எட்டு ஞாயிறானதை எதில் கழிப்பது என்று தெரியவில்லை.

மறுபடி கட்டினால் ஒன்றை மாற்றுவேன். குழியும் கட்டையும் இரண்டு பேரைக் கூலிக்கு வைத்து முடித்துவிட்டு, உத்தரம் ஏற்றவும் கூரைக்கும் மட்டும் ஊரைக் கூப்பிடுவேன். கூட்டம் என்பது கனம் தூக்கத்தான். அதோடு எல்லாருக்கும் ஒரே கடையில் ஒரே டேப்.

22 ஏப்ரல்

நோட்டு விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. நேற்று பாக்சிக் திண்ணையில் கிடந்ததை எடுத்துப் புரட்டியிருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உதவிக்கு வந்த மனிதரை மணிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்! அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். 25 பிப்ரவரிக்கு நேராக விரலை வைத்து, "ஆறு மணி நேரம் தப்பு. நாலு எழுது. இரண்டு மணி நேரம் டுரியான் மரத்தடியில் தூங்கினேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன அங்கிள் சட்டைப் பையில் கைவிட்டு அவருடைய 555-ஐ எடுத்தார். அதில் என் பெயர் சீன எழுத்தில். மூன்று நாள் கடன். கோழிக் கொட்டகையாம்.

26 ஏப்ரல்

முதலில் கேட்ட தம்பி பக்கத்து ஊர் சிம்பாங் அம்பாட்டில்தான் இருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. வசதியாகப் போயிற்று. அங்கிள் வீட்டுக் கோழிக் கொட்டகை, ஞாயிறு காலை ஏழு மணி. குழி எல்லாம் வெட்டி முடிந்தது, கூரைதான் பாக்கி. ஏணி நான் கொண்டு வருகிறேன். உங்களிடம் டிரில் இருந்தால் எடுத்து வாருங்கள், அடி டேப் வேண்டாம், அங்கிளுடையது இருக்கிறது.